தூங்கிய பாடு

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தைப் பற்றி நீங்கள் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. பாலாறும் தேனாறும் ஓடியது போலச் சொல்கிறீர்கள். கப்பல் வந்தது, துணி போனது, அரிசி வந்தது, ஆளுக்கொரு வேலை கிடைத்தது என்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். நானும் உங்கள் வயதுக்காரிதான், உங்களோடு அதே மணலில் உருண்டவள்தான். ஆனால் உங்களில் பாதிப் பேர் கோட்டைப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். சாயவேர் வேகும் வாசனையை நினைத்து உருகுகிறீர்கள். நான் ஏரிக்கு நடுவே, பசியாவரத்தில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும். நடுவில் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

எங்கள் தீவில் நின்று பார்த்தால் கோட்டை ஒரு விரற்கடை உயரம்தான் தெரியும். கப்பல் வந்தால் பீரங்கி சுடுவார்கள். முதலில் புகை தெரியும், பிறகுதான் சத்தம் வந்து சேரும். ஏரியில் மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள் மொத்தமாக எழும்பிப் பறந்து, ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப அதே இடத்தில் வந்து இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வெள்ளைக்காரர்கள் புகைத்துவிட்டு எறியும் வெள்ளை மண் சுங்கான்களின் உடைந்த துண்டுகள் அலையோடு வந்து கரையில் ஒதுங்கும். நடுவில் ஓட்டை இருக்கும், நூலில் கோத்தால் மாலை. உதட்டில் வைத்துப் பார்த்தால் உப்பும் புகையும் கலந்து கசக்கும். என்னிடம் அப்படி மூன்று சரம் மாலை இருந்தது. எங்கே போனதோ, இன்று ஒரு மணிகூட இல்லை.

பாடு என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இறால் கிடைக்காது. தண்ணீர் கடலுக்குப் போய் வரும் ஓடைகளில்தான் இறால் ஓடும். எங்கள் ஊருக்கு அப்படி மூன்று இடங்கள் இருந்தன. அங்கே கொம்பு நட்டு வலை கட்டுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் போய் விழுந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒரு வீட்டுக்கு ஒரு பாடு. வீட்டு ஆண் செத்துப்போனால், வரிசையில் முதலில் காத்திருக்கும் இளவட்டத்துக்கு அந்தப் பாடு போய்விடும். பாடு இல்லாத பையனுக்கு எந்த ஊரிலும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

கோட்டை வேலை வந்த பிறகு இதில் ஒரு சிக்கல் முளைத்தது. ஆண்கள் கப்பலேறிப் போக ஆரம்பித்தார்கள். போனவன் சாகவும் இல்லை, ஊரில் இருக்கவும் இல்லை. கூலியும் திரும்பி வந்தால்தான் கையில் கிடைக்கும். அவன் பாட்டை என்ன செய்வது? ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கப்பலுக்குப் போனவன் பாடு தூங்கும். அவன் முறை வரும் நாளில் வேறு யாராவது வலை கட்டிக்கொள்ளலாம், ஆனால் மீனில் பாதியை அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அவன் திரும்பி வந்தாலோ, அவன் மகன் வளர்ந்து ஆளானாலோ பாடு விழித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு என்று அப்போது எல்லோரும் மெச்சினார்களாம்.

எங்கள் வீடும் ஒரு கப்பல் வீடு, போனவர் என் தகப்பன். நைனா முதலில் அலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடம் ஏரி கடலில் சேரும் வாயை மணல் மூடிக்கொண்டது. ஏரித் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, ஊரே நாறியது. பாடு இருந்து என்ன பயன், வலையில் பாசிதான் வந்தது. அந்த வருடம்தான் நைனா கப்பலிலேயே ஏறிவிட்டார். பத்தாவி என்று ஏதோ ஓர் ஊர் பேரைச் சொன்னார்கள். அது ஏரிக்கு அக்கரையில், ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நைனாவின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. உள்ளங்கையில் இருந்த, படகுக்குப் பூசும் கீல் வாசனை மட்டும் நினைவிருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. போகும் அன்று அந்தக் கையால் என் கன்னத்தை அழுத்திப் பிடித்து, "அம்மாவைப் பேஜார் பண்ணாத" என்றார்.

பிறகு வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், இன்னும் பேச்சு வராத தம்பி, அம்மா, மாமா. மாமா அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா கையில் வளர்ந்தவர். அடுத்தவர் வலையில் ஆளாகப் போய்க்கொண்டு, பாட்டுக்காகக் காத்திருந்தார். வரிசையில் அவர்தான் முதல். பக்கத்து ஊரான தோணிரேவில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேலி செய்தால் என்னைத் தலைகீழாகத் தூக்கி ஏரியில் முக்கப் போவதாக மிரட்டுவார். முக்கியதே இல்லை.

பாதி மீன் எங்கள் வாசலுக்கு வரும். அது போதாது. அம்மா பறியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்குவாள். ஓலையில் முடைந்த சின்னக் கூடை அது. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைக் கழுத்துக்குக் கீழே தொங்கும் பறிக்குள் போடுவாள். பொழுது முழுக்க அப்படித்தான். கரைக்கு வந்து பறியை வாயிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தாடை இறுகிப்போய் அவளால் பேச முடியாது. நாங்கள் பசியென்று கத்திக்கொண்டு நிற்போம். அவள் கையைக் காட்டி, இருங்கள் என்பாள்.

நைனா போன மறுவருடம், ஆடிக் காற்று அடங்கிய நேரத்தில், ஓர் ஆள் வந்தார். நம் பக்கத்து ஆள் இல்லை, தெற்கே ஏதோ துறைமுகத்துக்காரர். கப்பல் நல்ல தண்ணீர் ஏற்ற நின்ற இடைவெளியில் ஒரு தோணியைப் பிடித்து எங்கள் தீவுக்கு வந்திருந்தார். அம்மா இறால் பிடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே விசாரித்துப் போய், கரையில் குந்தி உட்கார்ந்து ஏதோ பேசினார். நான் எட்ட நின்று பார்த்தேன். அம்மா பறியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த தோணியிலேயே போய்விட்டார். மறுபடி அவரை யாரும் பார்க்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். நைனா காய்ச்சலில் கிடந்து செத்துவிட்டார். பாயில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள்.

இது எனக்கு அப்போது தெரியாது. என் தம்பி பெரியவனாகி, பாடு அவன் பேருக்கு மாறிய பிறகு, அம்மா ஒரு நாள் இறாலை உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அதற்குள் எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன.

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நீ அழுதா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"அதுக்குன்னு?"

"பாடு கையவுட்டுப் பூட்டிருக்கும்டி. ஒந்தம்பி வளந்து கடைசி ஆளா வரிசையில போய் நிக்கணும். அதுவரைக்கும் நான் இன்னா பண்ணுவேன்?"

அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அவள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதும் தெரிகிறது. கோபம் அதனால் குறைந்துவிடுமா?

அந்த ஆள் வந்து போன மறுநாள் அம்மா வளையல்காரரைக் கூப்பிட்டு இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டாள். துட்டு கிடையாது, காய்ந்த இறால்தான் கொடுத்தாள். பிறகு நெற்றியில் பெரிதாகக் குங்குமம். தலையில் தாழம்பூ. சேற்றில் இறங்கி இறால் தடவுகிறவள் தாழம்பூ வைத்துக்கொண்டு இறங்கினால் எப்படி இருக்கும்? ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "புருசன் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல போல" என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நைனா வருகிறார், சேதி வந்துவிட்டது, அதனால்தான் அம்மா சிங்காரித்துக்கொள்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பீரங்கிச் சத்தம் கேட்டால் நான் கரைக்கு ஓடுவேன். கோட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு தோணியையும் எண்ணெய் வைத்த தலையோடு நின்று பார்ப்பேன். மற்றப் பிள்ளைகள், "இன்னா, உங்க நைனா நீந்திகினு வர்றாரா?" என்று கேலி செய்வார்கள். நான் மணலை அள்ளி அவர்கள் மேல் எறிவேன். நான் அப்படி நின்றதை ஊர் முழுக்கப் பார்த்தது. ஒரு பிள்ளை இவ்வளவு உறுதியாகக் காத்திருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? அம்மாவின் வளையலும் பூவும் ஊரை ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன், எனக்கே தெரியாமல்.

இதற்கு நடுவில் தமுக்கு வந்தது.

ஆரம்பாக்கத்துக் கரையிலிருந்து துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு படகுகள் ஏரி வழியாகக் கோட்டைக்குப் போக ஆரம்பித்திருந்தன. எங்கள் மூன்று இடங்களில் ஆழமானது நடுவோடை. படகுகளுக்கு அதுதான் வழி. வலைக் கொம்புகள் இடைஞ்சல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் கோட்டைத் தோணியில் தமுக்குக்காரரும், வெள்ளைக்காரர் பேச்சை நமக்கு மாற்றிச் சொல்லும் ஒரு துபாஷியும் வந்து இறங்கினார்கள். இனி நடுவோடையில் யாரும் கொம்பு நடக்கூடாது, நட்டால் வலையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மூன்று முறை அறிவித்தார்கள். தமுக்குச் சத்தம் நன்றாக இருந்ததால் பிள்ளைகள் நாங்கள் அவர்கள் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனோம். பெரியவர்கள் நடுவோடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் அந்தப் படகுகளைத்தான் ஊர் செழித்ததற்குச் சாட்சியாகச் சொல்கிறீர்கள். செழிப்புதான். நெசவுக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது, படகுக்காரருக்குக் கூலி கிடைத்தது. எங்களுக்கு மூன்று இடம் இரண்டானது. முறை வரும் நாள் தள்ளிக்கொண்டே போனது. முன்பு பகிர்ந்து சாப்பிட்ட வீடுகள் அடுப்பு எரியும்போது கதவைச் சாத்திக்கொண்டன. கெட்ட மனிதர்கள் இல்லை அவர்கள். மீன் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

காத்திருந்த இளவட்டங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கப்பலில் போனவர்கள் பாட்டை எதற்காகத் தூங்கவிட வேண்டும்? போனவன் இருக்கிறானா செத்தானா என்று யாருக்குத் தெரியும்? மற்றக் கப்பல் வீட்டு ஆண்களை அங்கங்கே பார்த்ததாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எங்கள் நைனாவைப் பற்றி மட்டும்தான் ஒரு பேச்சும் இல்லை. அந்தப் பாட்டை எங்களிடமிருந்து எடுத்தால் முதலில் கிடைப்பது மாமாவுக்கு. ஆனால் மாமா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்கள் பேசியபோது, "எங்க அக்கா வூட்டுக்காரரை நான் சாவடிக்கணுமா?" என்று சண்டைக்குப் போனார்.

தோணிரேவுக்காரர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து, பாடு போடும் நாள் வரைக்கும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அம்மா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தை பிறந்து ஏரி தெளிந்ததும் அந்த வருடத்துக்கு யார் யாருக்கு என்று முறை வகுத்துப் பாடு போடுவது வழக்கம். அந்த வருடம் அதற்கு முன் எங்கள் வீட்டு விஷயத்தை முடித்துவிடுவது என்று பெரியதனக்காரர் சொன்னார். ஊருக்குத் தலைவர் அவர்தான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் பேச்சில் ஊருக்குச் சந்தேகம் வந்தால், அந்த வீட்டில் முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத பிள்ளையைத்தான் கேட்பார்கள். பிள்ளையை ஏரியில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, உள்ளங்கையில் கல்லுப்பை வைத்து மூடச் சொல்லிக் கேட்பார்கள். அந்த வாயில் அம்மனே பேசுவாள் என்று நம்பிக்கை. எனக்கு அப்போது மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

அம்மா அன்று காலையில் எனக்குத் தலை வாரிவிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய தேவை இல்லாதபடி ஒரு பருவம் முழுக்க என்னைத் தயார் செய்திருந்தாள்.

தண்ணீர் குளிர்ந்தது. சின்ன மீன்கள் உரசிக் கால் கூசியது. கரையில் ஊர் மொத்தமும் நின்றது. பெரியதனக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"பயப்படாத. கையில உப்பு கீது. அம்மன் பாத்துகினு கீறா. உங்க நைனா உசுரோட கீறாரா?"

"கீறாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சேதி வந்துச்சு. அதான் எங்கம்மா வளையல் போட்டுகிச்சு. வருவாருன்னுதானே போட்டுகிச்சு!"

பல்லிடுக்கில் காற்றுப் போய் வார்த்தைகள் வழுக்கின. இரண்டொருவர் சிரித்தார்கள். பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. கரைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா சேதிம்மா?"

அம்மா தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். குரல் ஆடாமல் சொன்னாள். "கப்பல் ஆளு ஒருத்தர் வந்தாரு. உங்க வூட்டுக்காரர்கூட ஒரே கப்பல்ல இருந்தேன்னு சொன்னாரு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதற்கு மேல் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. "கொழந்த வாயால வந்துடுச்சு. பாடு தூங்கட்டும்" என்று பெரியதனக்காரர் முடித்துவிட்டார்.

தண்ணீரிலிருந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தது மாமாதான். என் கையை விரித்து உப்பைத் தட்டிவிட்டார். "நல்லா சொன்ன. மாமா வராருன்னா எனக்கும் சந்தோசந்தான்" என்றார். நைனா அவருக்கு அக்கா புருஷன், மாமா முறை. அப்படிச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தோளில் இருந்தேன், அவர் தலைமுடிதான் தெரிந்தது.

தோணிரேவுப் பெண்ணை அந்த மாசியிலேயே வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமா சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் கோட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்றார். அம்மா அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"போவாதடா."

"இங்க இன்னா கீதுக்கா எனக்கு? மூணு ஓடை ரெண்டாச்சு. எப்ப வரும் என் மொற?"

"ஒரு வருசம் பொறு."

"ஒரு வருசம் பொறுத்தா? யாராச்சும் சாவணும். யார் சாவணும்னு காத்துகினு கெடக்கச் சொல்ற?"

அம்மா குனிந்து, கீழே போட்ட மீனைத் திரும்ப எடுத்தாள். அவள் நினைத்தது என்னவென்று பல வருடம் கழித்துச் சொன்னாள். அவன் ஒண்டிக்கட்டை, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தாளாம். பாட்டை அவனுக்கு விட்டுக்கொடுத்தால், பெண்டாட்டி வந்த பிறகு நம்மைத் திரும்பிப் பார்ப்பானா என்று பயந்தாளாம். தன் கையால் சோறு ஊட்டி வளர்த்தவனைப் பற்றி அவள் அப்படி நினைத்தாள். மாமா எங்களைப் பட்டினி போட்டிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். அந்த வயதிலேயே தெரியும். பசி வந்துவிட்டால் பெரியவர்களுக்குக் கூடப் பிறந்தவர்களைக்கூடச் சரியாக எடைபோடத் தெரிவதில்லை. அப்புறம் உண்மையைச் சொல்லித் தடுத்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. நான் உப்பைக் கையில் வைத்துச் சொல்லியாகிவிட்டது. அது பொய் என்று ஆனால் அம்மன் என்னை எடுத்துக்கொள்வாள் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

மாமா கிளம்பிய அன்று கரையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நல்ல வெயில். தோணிக்காரர் அவசரப்படுத்தினார். மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னா வாங்கியாறட்டும்? சீனா பொம்மையா, பட்டுத் துணியா?"

"ஒண்ணியும் வாணாம். நைனாவைக் கூட்டிகினு வா."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு தெம்பு வந்தது. போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது போல இருந்தார்.

"ஆமாக்கா. போற எடத்துல எல்லாம் கேட்டுகினே போறேன். எங்கனா ஒரு கரையில இருப்பாரு. பாத்தேன்னா கையோட இட்டாறேன்."

அம்மாவின் கையில் வறுத்த இறால் பொட்டலம் இருந்தது. அதை நீட்டியபடியே நின்றாள். வாய் திறந்தது. நான் அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோணிக்காரர் மறுபடி கூப்பிட்டார்.

"வாடைக் காத்துல தலைய மூடிக்கோடா" என்றாள்.

மாமா போனார். செத்துப்போன ஓர் ஆளை ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போனார். எந்தெந்தத் துறைமுகத்தில் இறங்கி, தெரியாத பாஷையில், நைனாவின் அடையாளங்களைச் சொல்லிக் கேட்டிருப்பாரோ! யாராவது அவரிடம் உண்மையைச் சொன்னார்களா, இல்லை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாரா, தெரியாது. அவர் திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த பருவத்தில் கோட்டையிலிருந்து ஒரு சமையல்காரர் நண்டு வாங்க எங்கள் தீவுக்கு வந்தார். எங்கள் ஊர் ஆண்கள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் அவர் கேட்டார்.

"நடுவோடையில ஏன் ஒருத்தரும் வலை கட்றதில்ல?"

"தமுக்கு அடிச்சாங்களே" என்றார் பெரியதனக்காரர்.

"அது எந்தக் காலத்துக் கதை? துணிப் படகு வர்றது நின்னே எம்மா நாளாச்சு. அந்த உத்தரவு போட்ட தொரையே ஊருக்குப் பூட்டாரு."

படகுகள் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் தடை என்று சொல்ல ஆள் வந்தது போல, தடை இல்லை என்று சொல்லவும் ஓர் ஆள் வருவார் என்று ஊர் மொத்தமும் காத்திருந்திருக்கிறது. போடும்போது தமுக்கு அடித்தார்கள். எடுக்கும்போது யாரும் சொல்லவில்லை. மாமா கப்பலேறிய நாளிலேயே அந்த ஓடை சும்மாதான் கிடந்ததோ என்னவோ! அதை யோசித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்றைக்கே நடுவோடையில் கொம்பு நட்டார்கள். ஊர் கூடியது. இடம் கூடியதால் புதிதாகப் பாடுகள் கொடுக்கலாம் என்று பேசினார்கள். "மொதல்ல காத்துகினு இருந்தது யாரு?" என்று பெரியதனக்காரர் கேட்டார். எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் வட்டத்துக்கு வெளியே பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள்.

"எந்தம்பி" என்றாள்.

"அவன் கப்பல்ல கீறானேம்மா."

"ஆமா."

"அப்போ தூங்கட்டும்" என்றார் பெரியதனக்காரர். மாமாவின் பாடு பிறந்த நாளே தூங்கப் போனது.

மாமாவுக்கு எங்களைத் தவிர வேறு வீடு கிடையாது. அதனால் அவர் முறை வந்த அன்று பாதி மீனைக் கூடையோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல மீன். வெள்ளிபோல மின்னும் மடவை, கொழுத்த இறால், இன்னும் கால் ஆட்டிக்கொண்டிருந்த நண்டு. அவ்வளவு மீனை எங்கள் வாசலில் நான் பார்த்ததே இல்லை. தம்பி கையைத் தட்டினான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நைனா பங்கு மீன் வந்தபோதெல்லாம் அம்மா கூசாமல் எடுத்து ஆய்ந்து குழம்பு வைத்திருக்கிறாள். அன்று நிலைப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஏம்மா, நம்ம பங்குதானே? எடுத்தாறட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"தொடாத" என்றாள். "அது உங்க மாமன் வந்து துன்னட்டும்."

அன்று நாங்கள் வெறும் கஞ்சி குடித்தோம். வெயில் ஏறி, ஈ மொய்த்து, மீன் நாற்றமெடுத்த பிறகும் அந்தக் கூடை வாசலிலேயே இருந்தது.